கொள்ளிக்கு உரியவர்

என் கணவன் என்று தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லை வரிப் படிவத்திலும் வாடகைப் பத்திரத்திலும் மருத்துவமனைத் தாள்களிலும் எத்தனையோ முறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தமிழில் எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. அதனால் இனிமேல் அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் மட்டக்களப்புப் பக்கத்தவன். நான் யாழ்ப்பாணம். இருவரும் அகதிகளாக வந்தவர்கள். பேர்ண் நகரில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது பழகினோம். பிறகு அவன் முறையாகச் சமையல் படித்து ஒரு மருத்துவமனைக் குசினியில் சேர்ந்தான். நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளன் ஆனேன். ட்ராம் கடைசியாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீடு. பத்தொன்பது வருடங்கள் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தோம்.

எங்கள் சனத்துக்கு நாங்கள் கலியாணம் கட்டாத இரண்டு தனிக்கட்டைகள். முப்பதுகளில் இருவருக்கும் சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார்கள். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார்கள். ஆட்களுக்கு முன்னால் அவன் என்னை மச்சான் என்று கூப்பிடுவான். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் மறைத்துவிடலாம் என்று நினைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவோம். எந்த ஊரில் இருக்கும் கோயில் என்று நான் சொல்லப்போவதில்லை. பழைய பண்டகசாலை ஒன்றை வாடகைக்கு எடுத்து, முகப்பில் கோபுரம் வரைந்த பலகை பொருத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் கார்களுக்கு ரயர் மாற்றும் கடை, மறுபக்கம் தளபாடக் களஞ்சியம். அவன் அந்தக் கோயிலின் மடைப்பள்ளியில் பதினொரு வருடங்கள் சமைத்தான். மருத்துவமனையில் காலை ஐந்தரைக்குத் தொடங்கும் வேலையை முடித்து, வீட்டுக்கு வந்து குளித்து, வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிடுவான். அவன் வைக்கும் பருப்புக்கறிக்காகவே அன்னதானத்துக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். சாமி கும்பிடுவதில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. நான் மொழிபெயர்ப்புக்கு உதவினேன். என் ஜெர்மன் கொஞ்சம் ஒழுங்காக இருந்தது.

ஒரு வருடம் தேரை வெளிவீதிக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டபோது அயலவர்கள் சிலர் கெமைண்டேக்கு, அதாவது ஊராட்சிக்கு, ஆட்சேபம் எழுதினார்கள். சத்தம், புகை, வீதி மறிப்பு என்று காரணங்கள். கோயில் நிர்வாக சபையின் தலைவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அறுபது வயது தாண்டியவர். இந்த நாட்டில் முதலில் வந்திறங்கிய ஆட்களில் ஒருவர். எத்தனையோ பேருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர். எனக்கும்தான். ஊராட்சி அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் சொன்னதை நான் ஜெர்மனில் சொன்னேன்: எங்கள் நம்பிக்கையின்படி வழிபட இந்த நாட்டின் அரசியல் சாசனம் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. எங்கள் கோயிலுக்குள் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. அதிகாரி தலையாட்டினார். அனுமதி கிடைத்தது. தேரன்று அந்த அதிகாரி மனைவியோடு வந்து அவன் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களைப் பற்றி இரண்டு தடவை வாக்கெடுப்பு வந்தது. முதலாவது, யாரோடு வாழ்கிறோம் என்பதை வைத்து எங்களை இழிவுபடுத்துவதையும், எல்லோருக்கும் திறந்திருக்கும் சேவையை எங்களுக்கு மறுப்பதையும் குற்றமாக்கும் சட்டம். இரண்டாவது, கலியாணம். அதற்குள் இருவரும் குடியுரிமை எடுத்திருந்தோம். இரண்டு தடவையும் குசினி மேசையில் உட்கார்ந்து தபால் வாக்குச் சீட்டில் ஆம் என்று எழுதினோம். அவன் உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, இரண்டு தடவை அழுத்தினான். இரண்டும் வென்றன. ஆனாலும் ஒன்றரை வருடம் யோசித்துவிட்டுத்தான் பதிவு செய்யப் போனோம். சாட்சிக்கு என் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் அவனுடைய குசினியில் வேலை செய்யும் ஒருவரும் வந்தார்கள். பதினைந்து நிமிடங்களில் முடிந்தது. அவன் அன்றைக்குச் சாம்பல் நிறக் கோட் போட்டிருந்தான். தோள்பட்டை கொஞ்சம் பெரிது.

என்னோடு வேலை செய்யும் அந்தப் பெண் சந்தோஷத்தில் எங்கள் படத்தை முகநூலில் போட்டாள். அவளில் பிழையில்லை. அவளுடைய உலகத்தில் அது ஒரு கலியாணப் படம். இரண்டு நாட்களுக்குள் அந்தப் படம் எங்கள் சனத்தின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்து, யாரோ தெரியாத ஒருவர் எனக்கே அனுப்பினார். கீழே ஒரு சொல்லும் எழுதியிருந்தார். அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை போகாமல் விடுவோம் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. "நான் போகாட்டி ஆரு சமைக்கிற?" என்றான்.

போனோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மடைப்பள்ளிக்குள் போய் வேலையைத் தொடங்கிவிட்டான். ஒரு மணித்தியாலம் கழித்துத் தலைவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"தம்பியவை, ஒரு கதை கதைக்க வேணும்."

"சொல்லுங்கோ அண்ணை," என்றேன்.

"உங்கட வீட்டில நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு நாங்கள் கேக்கேல்லை. அது உங்கட விசயம். இந்த நாட்டுச் சட்டம் உங்களுக்கு இடம் தந்திருக்கு, நல்லது. ஆனால் இது மடைப்பள்ளி. இஞ்ச ஆசாரம் எண்டு ஒண்டு இருக்கு. சாமிக்கு வைக்கிற சாப்பாடு."

"பதினொரு வருசமா இதே கையாலதான் சமைச்சவர்."

"அப்ப எங்களுக்குத் தெரியாது, தம்பி."

அவர் கோபமாகக் கதைக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்க்கவுமில்லை. நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னான். "பருப்பு அடுப்பில இரிக்கு. இன்னும் பத்து நிமிசம் கிடக்கட்டும். உப்பு போட்டாச்சு."

ரயிலில் திரும்பி வரும்போது அவனுடைய கைகளில் வெங்காய வாசனை இருந்தது.

கோயிலுக்கு வரவேண்டாம் என்று யாரும் எங்களைச் சொல்லவில்லை. மண்டபத்தில் நின்று கும்பிடலாம். அவனுக்குத்தான் ஏலவில்லை. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் தனியாக ரயிலேறிப் போய், ரயர்க் கடையின் கார் தரிப்பிடத்தில் நின்று, மணிச் சத்தம் கேட்டதும் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வேலை பிந்திவிட்டது என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து எட்டு மாதங்களில் வயிற்றுநோவு என்று போனவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோது ஈரலுக்கும் போயிருந்தது. இரண்டு சுற்று மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது சுற்றுக்கு அவனே வேண்டாம் என்றான்.

நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். ஒரு மத்தியானம் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே சொன்னான்.

"உன்னட்ட ரெண்டு விசயம் கேக்கணும்."

"கேளன்."

"ஐயர வச்சு முறையாச் செய்யணும். ஒண்டும் விடாம. அம்மாவுக்குச் செய்ய ஏலாமப் போச்சு."

அவனுடைய அம்மாவைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அப்போது அவனுக்கு இங்கே அகதி வழக்கு முடியவில்லை, நாட்டை விட்டு வெளியே போக முடியாது. தொலைபேசியில் கேட்டுவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனான். எங்கள் ஊர்ப் பக்கம் செத்தவர்களுக்கு உரிய கிரியைகள் செய்யாவிட்டால் அந்தச் சீவன் அலையும் என்பார்கள். அவன் அதை நம்பினான். நான் நம்பினேனா என்பது இங்கே முக்கியமில்லை.

"மற்றது?" என்று கேட்டேன்.

"நீதான் கொள்ளி வைக்கணும். அண்ணன் இல்ல. நீ."

"சரி," என்றேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சரி. அவன் கஞ்சியில் இரண்டு வாய் சாப்பிட்டான்.

நோவு தணிக்கும் பிரிவில் பத்து நாட்கள் இருந்தான். ஒரு பிற்பகல், வெளியே ஈரப் பனி விழுந்துகொண்டிருந்த நேரம், மூச்சு நின்றது. கணவர் என்ற முறையில் எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார்கள். தாதி, உடலைக் கழுவும்போது கூட இருக்க விரும்புகிறீர்களா என்றாள். நானே கழுவுகிறேன் என்றேன். அது என் தொழில். இல்லத்தில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். உயிரோடும், பிறகும். அவளும் நானுமாக அவனைப் புரட்டித் துடைத்தோம். முதுகில் எலும்புகள் எண்ணக்கூடியதாக இருந்தன. கை தன்பாட்டில் வேலை செய்தது. முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றியபோதுதான் இது வேலையில்லை என்று உறைத்தது. அந்த அறையின் குப்பை வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவனுடைய அண்ணன் லுசேர்ண் நகரில் இருந்து வந்தார். ஒரு சுற்றுலா ஹோட்டலின் குசினியில் வேலை செய்பவர். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு தம்பியோடு கதைக்கவில்லை. நோய் என்று கேள்விப்பட்டு ஒரேயொரு தடவை மருத்துவமனைக்கு வந்து, பத்து நிமிடம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போனார். இப்போது அழுது முகம் வீங்கியிருந்தது. எங்கள் குசினி மேசையில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"தம்பி, நான் நேராச் சொல்றன். கோயிலோட கதைச்சன். ஐயர் வருவார். எல்லாம் முறையாச் செய்வார். ஆனா நான்தான் முன்னுக்கு நிக்கணும். நீங்க கூட்டாளி எண்டு வந்து பின்னுக்கு இருங்க. இல்லாட்டி ஐயர் வரமாட்டார்."

"அவர் என்னைத்தான் கொள்ளி வைக்கச் சொன்னவர்."

"அவன் ஐயரையும் வைக்கச் சொல்லியிருப்பானே?"

தம்பியை அவருக்குத் தெரியும்.

"பேப்பரில நீங்கதான் எல்லாம் எண்டு எனக்குத் தெரியும். நீங்க மாட்டன் எண்டா என்னால ஒண்டும் செய்ய ஏலா. மறுகா மந்திரம் ஒண்டும் இல்லாமத்தான் அவன் போகணும். யோசிங்க."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். உடலை என்ன செய்வது, எந்த நாள், எந்த மண்டபம், சாம்பல் யாருக்கு, எல்லாவற்றுக்கும் என் ஒரு கையெழுத்துப் போதும். அவருக்கு ஓர் உரிமையும் இல்லை. ஆனால் அவன் கேட்ட மந்திரத்தைக் கொண்டுவர என் கையெழுத்தால் முடியாது. அது வேறு ஆட்களின் கையில் இருந்தது.

இரண்டு நாட்கள் தவணை கேட்டேன். முதலில் எங்கள் கோயில் ஐயருக்கு நேரடியாகத் தொலைபேசி எடுத்தேன். அவன் மடைப்பள்ளியில் இருந்த காலமெல்லாம் அவனிடம் வாஞ்சையாக இருந்தவர். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எனக்கு மனவருத்தம் இல்லையெண்டு நினைக்காதேங்கோ. ஆனால் என்ர விசா கோயில்காரர் எடுத்துத் தந்தது. அவை கைய விட்டா நான் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்."

"சபை வேண்டாம் ஐயா. நீங்கள் தனிய வந்து செய்யேலாதோ? ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"இஞ்ச எது தம்பி தெரியாமல் போகுது?"

வேறு கோயில்களின் ஐயர்மார் நான்கு பேருக்கு எடுத்தேன். ஒருவர் இந்தியாவில் நின்றார். ஒருவர் உங்கள் கோயிலில் கேளுங்கள் என்றார். ஒருவர் யார் கடமை செய்வது, மகனா என்று கேட்டார். கணவர் என்றேன். செத்தது ஆம்பிளையா பொம்பிளையா என்றார். சொன்னதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான்காமவர் நான் கதைத்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாஸ்திரத்தில் இதற்கு விதி இல்லை, இல்லாததை நான் எப்படிச் செய்வேன் என்றார். அவர் சொன்ன விதத்தில் ஏளனம் இல்லை. அதனால்தான் அதைத் தாங்குவது கூடக் கடினமாக இருந்தது.

கடைசியில் ஒரு சட்ட ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். அரைமணி நேரம் தந்தார்கள். இளம் வழக்கறிஞர், பெண். நான் வாக்களித்த சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். எல்லோருக்கும் திறந்த சேவையை எங்களுக்கு மறுப்பது குற்றம்தானே என்றேன்.

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "ஓர் உணவகம் உங்களை வெளியே போகச் சொன்னால், ஒரு ஹோட்டல் அறை தர மறுத்தால், நான் உங்களோடு பொலிசுக்கு வருவேன். ஆனால் ஒரு மதகுருவை ஒரு சடங்கைச் செய்யும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. நம்பிக்கைச் சுதந்திரம் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. கோயிலுக்குள் எப்படிச் செய்ய வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்ல முடியாது."

அந்த வசனம் எனக்குத் தெரியும். அதைக் கெமைண்டேயில் அதே மொழியில் சொன்னவன் நான். அது தவறு என்று எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. அரசாங்கம் ஐயரின் கழுத்தைப் பிடித்து மந்திரம் சொல்ல வைக்கும் ஒரு நாட்டில் இருக்க நான் விரும்பவில்லை. ஆனால் நான் வெளியில் இருப்பவனா? அவன் பதினொரு வருடங்கள் அந்தக் கோயிலின் அடுப்படியில் நின்றவன். அவன் எப்போது வெளியில் இருப்பவனானான்? இதை அவளிடம் கேட்டேன். அவளுக்கு விளங்கியது. கண்கள் சிவந்தன. "அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை," என்றாள். எழுந்து கை கொடுத்தாள்.

ட்ராமில் உட்கார்ந்து அவன் கேட்ட இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தேன். ஒன்றை எடுத்தால் மற்றது போகிறது. ஐயர் என்பது அவனுக்காக. கொள்ளி என்பது எனக்காகத் தந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். வீட்டுக்குப் போய் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நான் பின்னுக்கு இருக்கிறன்," என்றேன்.

அவர் தொலைபேசியிலேயே விம்மினார். "நீங்க நல்லா இருப்பீங்க தம்பி."

அதைக் கேட்டதும் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

மரண அறிவித்தல் இணையத்தில் வந்தது. அன்னாரின் பெற்றோர், அண்ணன், அண்ணி, பெறாமக்களான அவர்களுடைய பிள்ளைகள், ஊரில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், எல்லோர் பெயரும் இருந்தன. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கலியாணப் படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். தோளோரத்தில் என் கோட்டின் ஒரு துண்டு தெரிந்தது.

தகன மண்டபத்தில் அறுபது பேரளவில் வந்திருந்தார்கள். பதினொரு வருடங்கள் அவன் கையால் சாப்பிட்டவர்கள். தலைவரும் வந்திருந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார். நான் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். என் இல்லத்தில் வேலை செய்யும் அந்தப் பெண் என்னைக் கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள். பிறகு சொல்கிறேன் என்று அவளை உட்கார வைத்தேன். மடைப்பள்ளியில் அவனோடு காய்கறி வெட்டும் ஒரு அக்கா முன்வரிசையில் இருந்து எழுந்து வந்து, எனக்கு மற்றப் பக்கத்தில் உட்கார்ந்தார். அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்பவர். கடைசிவரை அந்தக் கதிரையை விட்டு முன்வரிசைக்குத் திரும்பவில்லை.

ஐயர் ஒன்றையும் குறைக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். கும்பம் வைத்தார், உரலில் மஞ்சள் போட்டுச் சுண்ணம் இடிப்பித்தார், ஒவ்வொரு மந்திரத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அண்ணன் தோளில் குடத்தோடு மூன்று தரம் சுற்றி வந்தார். வாய்க்கரிசிக்கு எல்லோரையும் வரச் சொன்னார்கள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ரயில்நிலையக் கடை வைத்திருப்பவர், பின்னால் யாரென்றே தெரியாத ஒரு பெண். என் முறை வந்தது. அரிசியைப் போட்டேன். அவனுடைய மேலுதட்டில் ஒரு மணி ஒட்டிக்கொண்டது. அதை விரலால் தள்ளிவிடப் போனேன். பின்னால் நின்ற பெண் அசைந்தாள். நகர்ந்துவிட்டேன்.

கிரியை முடிந்தது. ஐயர் தட்டை எடுத்து ஒதுங்கினார். அப்போது தகனசாலை ஊழியர், கறுப்புக் கோட் போட்ட உயரமான மனிதர், பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பெட்டி உள்ளே போகும் இடத்துக்கு உறவினர் ஒருவர் கூட வரலாம், பொத்தானை அழுத்தலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இங்கே கொள்ளி வைப்பது அதுதான். கையில் இருந்த தாளைப் பார்த்து ஜெர்மனில் கேட்டார்.

"கணவர் யார்?"

அந்த மண்டபத்தில் ஜெர்மன் விளங்காதவர் ஒருவரும் இல்லை. அண்ணன் ஓரடி முன்னே வந்து, "நான் சகோதரன், நான் வருகிறேன்," என்றார்.

"தாளில் கணவர் என்று இருக்கிறதே," என்றார் அந்த மனிதர். மரியாதைக்காகத்தான் கேட்டார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். "நான்தான்," என்றேன். எங்கள் சனத்துக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு ஓம் என்று சொன்னது அதுதான் முதலும் கடைசியும். அதுவும் ஜெர்மனில். அறுபது தலைகளில் பாதி திரும்பின, பாதி திரும்பாமல் விறைத்தன. ஐயர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மந்திரம் எல்லாம் முடிந்துவிட்டது. இனி ஐயர் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. அவன் கேட்ட முதலாவது விசயம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. இரண்டாவது, அந்தக் கதவுக்குப் பின்னால், பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா, "போங்கோ தம்பி," என்று மெல்லச் சொன்னார்.

நான் போகவில்லை.

"அண்ணன் போவார்," என்றேன். உட்கார்ந்துவிட்டேன். கதவு மூடியது.

ஏன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தேன் என்பது ஒரு காரணம். அது போதாது. வாக்கு ஐயருக்காகக் கொடுத்தது, ஐயரின் வேலை முடிந்துவிட்டது. பத்தொன்பது வருடங்கள் மச்சான் என்ற சொல்லுக்குப் பின்னால் நின்று பழகிய கால்கள், நடக்க வேண்டிய அந்த ஒரு நேரத்தில் நடக்கவில்லை. அவர்கள் செய்ததை எனக்கு விளக்கத் தெரியும். சட்டம் செய்ததையும் விளங்கிக்கொள்ளத் தெரியும். நான் செய்தது மட்டும் விளங்கவில்லை.

ஒரு வாரத்தில் தகனசாலை சாம்பலை என்னிடம் தந்தது. அண்ணன் முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அதைக் கேட்டார். முடிந்ததும் ஊருக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைக்கப் போவதாகச் சொன்னார்.

"அந்தியேட்டிக்கு நான் வரலாமோ?" என்று கேட்டேன்.

அவர் ஐயரோடு கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாட்கள் கழித்து எடுத்து, கோயில் மண்டபத்தில் செய்வதால் சபை விரும்பவில்லை என்றார்.

இந்தத் தடவை இல்லை என்றேன். சாம்பல் தரமாட்டேன் என்றேன். என் குரல் உயர்ந்தது. சட்டம் எனக்குத் தந்தது, நான்தான் கணவன், நான் தரமாட்டேன் என்று தமிழில் கத்தினேன். கத்திய பிறகு அது வெற்றி போல இருக்கவில்லை. சாம்பல் இல்லாமல், தர்ப்பையால் ஓர் உருவம் செய்து வைத்து அந்தியேட்டியை முடித்தார்கள் என்று அந்த அக்கா சொன்னார். அவன் ஒன்றும் விடாமல் செய்யச் சொன்னவன். கடைசிக் கிரியையில் அவன் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். அதையும் நான்தான் அவனுக்குச் செய்தேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். கோயிலுக்குப் போவதில்லை. சபையின் பெயர்ப் பட்டியலில் யாரும் மாற்றம் செய்யவில்லை போல. திருவிழாவுக்கு அழைப்பிதழ் இன்னும் எங்கள் இருவர் பெயருக்கும் தனித்தனி உறைகளில் வருகிறது. அவனுடையதை உடைக்காமல் அலமாரியில் வைக்கிறேன்.

சில ஞாயிறுகளில் அண்ணன் தொலைபேசி எடுக்கிறார். லுசேர்ணில் பனி, ஹோட்டலுக்கு வரும் பேருந்துகள், அவருக்கு முழங்கால் நோவு என்று கதைப்பார். நடந்த எதைப் பற்றியும் இருவரும் கதைப்பதில்லை. போன கிழமை தொலைபேசியை வைக்கப்போகும் நேரம் கேட்டார்.

"அவன் இன்னும் உங்களிட்டத்தான் இரிக்கானா?"

"ஓம்," என்றேன்.

"எங்க?"

"அறைக்குள்ள. யன்னலுக்குப் பக்கத்தில."



"சரி," என்றார். "குளிர் காலம். யன்னலப் பூட்டி வைங்க."